கடைமடைப் பள்ளிக்கூடம்

(காமயகவுண்டன்பட்டியில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2,152 கோடி ரூபாய். ஒரு வருடத்துக்கும் மேலாக இந்தத் தொகையைச் செய்தித்தாளில் பார்த்து வருகிறோம். டெல்லி தரவில்லை என்கிறார்கள், சென்னை கேட்கிறது என்கிறார்கள், தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். அந்தப் பணம் எதற்கானது, அது வராமல் நின்றபோது யாருடைய வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தக் குழந்தைக்குப் பயிற்சி தடைப்பட்டது என்று யாரும் நமக்கு எடுத்துச் சொல்லவில்லை. இன்று அதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பொறுமையாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் இது நம் பிள்ளைகளின் கணக்கு.

சமக்ர சிக்‌ஷா என்று ஒரு திட்டம். முன்பு எஸ்.எஸ்.ஏ. என்று சொல்வோமே, அனைவருக்கும் கல்வி இயக்கம், அதையும் உயர்நிலைப் பள்ளிகளுக்கான ஆர்.எம்.எஸ்.ஏ. திட்டத்தையும் ஆசிரியர் பயிற்சிக்கான திட்டத்தையும் சேர்த்து 2018-இல் உருவாக்கியது. செலவில் நூற்றுக்கு அறுபது ஒன்றிய அரசு, நாற்பது மாநில அரசு. 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு ஒப்புதல் கிடைத்த தொகை 3,586 கோடி. அதில் டெல்லியின் பங்குதான் இந்த 2,152 கோடி. முதல் தவணை 573 கோடி 2024 ஜூன் மாதமே வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆகஸ்ட் கடைசியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அப்போதும் வரவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். பி.எம்.ஸ்ரீ என்ற வேறொரு திட்டம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. நாடு முழுவதும் 14,500 பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக ஆக்குவது அதன் நோக்கம். அதில் சேரும் மாநிலம் தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ முழுமையாக நடைமுறைப்படுத்துவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 1968 முதல் இருமொழிக் கொள்கையில் இருக்கிற தமிழ்நாடு, மும்மொழி கேட்கும் அந்தக் கல்விக் கொள்கையை ஏற்காமல், அந்த ஒரு பத்தியை நீக்கிவிட்டு ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பியது. சமக்ர சிக்‌ஷாவும் அதே கொள்கையோடு இணைந்ததுதான், கொள்கையை ஏற்றால் பணம் என்று டெல்லி சொல்கிறது. சட்டப்படி நடக்கிற ஒரு திட்டத்தின் பணத்தை வேறொரு திட்டத்தின் கையெழுத்துக்காகப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை சொல்கிறது. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டு வழக்குத் தொடுத்தது.

நாடாளுமன்றத்தின் கல்வி நிலைக்குழுவே 2025 மார்ச்சில், இப்படி நிதியை நிறுத்தி வைப்பது நியாயமில்லை என்று அறிக்கை கொடுத்தது. நம்மோடு கேரளத்துக்கும் மேற்கு வங்கத்துக்கும் நின்றுபோயிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததையும் பாருங்கள். 2025 அக்டோபரில் கேரளம் பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. சில நாட்களில் ஆளும் கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பி, நடைமுறைப்படுத்துவதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. கொள்கையில் உறுதியாக இருந்த ஓர் அரசைக்கூடப் பணத்தட்டுப்பாடு எந்த இடத்துக்குத் தள்ளுகிறது என்பதற்கு அது சாட்சி. குழந்தைகளின் பணத்தைப் பிணையாக வைத்துக் கொள்கையைப் பேசுவது தவறு என்பது என் தீர்மானமான கருத்து. அந்தக் கொள்கை நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அதைத் தேர்தலில் பேசலாம், நீதிமன்றத்தில் பேசலாம், தெருவில் நின்றும் பேசலாம்.

இனி நம் மாநிலக் கணக்குக்கு வருகிறேன்.

2024-25-இல் தமிழ்நாடு அரசு பள்ளிக்கல்விக்கு ஒதுக்கிய தொகை 44,042 கோடி. அடுத்த ஆண்டு 46,767 கோடி. நாற்பத்து நாலாயிரம் கோடிக்குப் பக்கத்தில் 2,152 கோடியை வைத்துப் பார்த்தால் இருபதில் ஒரு பங்குகூட வராது. அப்படியானால் இவ்வளவு கூக்குரல் எதற்கு? இருபது ரூபாயில் ஒரு ரூபாய் குறைந்தால் சமாளித்துக்கொள்ள முடியாதா? படித்தவர்களே என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள்.

இதற்குப் பதில் சொல்ல இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவருக்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை. ஜூன் மாதம் பெரியாற்றில் தண்ணீர் திறந்தால் லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. தண்ணீர் இருபதில் ஒரு பங்கு குறைந்தால் எல்லா வயலிலும் இருபதில் ஒரு பங்கா குறையும்? தலைமடைக்காரர் வழக்கம்போலப் பாய்ச்சிக்கொள்வார். நடுவில் இருப்பவர் ராத்திரி விழித்திருந்து பாய்ச்சுவார். குறைந்த தண்ணீர் முழுவதும் கடைமடையில்தான் குறையும். அங்கே ஒரு பங்கு குறையாது, பயிரே போய்விடும்.

பள்ளிக்கல்வியின் பணமும் இப்படித்தான் பாய்கிறது. நாற்பத்து நாலாயிரம் கோடியில் மிகப்பெரிய பகுதி நிரந்தர ஆசிரியர்களின் சம்பளம். அது போக வேண்டிய பணம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆசிரியர் இல்லாமல் பள்ளிக்கூடம் இல்லை. அடுத்தது கட்டடம். பேராசிரியர் அன்பழகன் பெயரில் நடக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு 2025-26-இல் மட்டும் 1,000 கோடி. அதுவும் வேண்டும், ஓடு விழுந்த வகுப்பறையில் பிள்ளைகளை உட்கார வைக்க முடியாது. கட்டடத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. திறப்பு விழா நடத்தலாம், கல்வெட்டு வைக்கலாம். ஆகையால் அதற்கான பணம் எளிதில் நிற்காது.

கடைமடையில் யார் இருக்கிறார்கள்? மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு வட்டார வளமையத்தில் பயிற்சி கொடுக்கிற சிறப்புப் பயிற்றுநர். பள்ளிக்கே வர முடியாத குழந்தையின் வீட்டுக்குப் போய் கைகால் அசைவுக்குப் பயிற்சி கொடுக்கிற இயன்முறை மருத்துவர். அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்க்கான வழித்துணைப் படி. பேருந்து போகாத குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைகளுக்கான போக்குவரத்துப் படி. படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற கஸ்தூர்பா காந்தி உண்டு உறைவிடப் பள்ளி. ஓவியமும் உடற்கல்வியும் தையலும் சொல்லிக் கொடுக்கிற பகுதிநேர ஆசிரியர். பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணக்கட்டி வாங்குகிற மானியம். இத்தனையும் சமக்ர சிக்‌ஷாவின் கணக்கில் வருகிறவை. மாநில அரசே உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது: இந்தப் பணம் நின்றதால் பாதிக்கப்படுகிறவர்கள் ஏறத்தாழ 43.94 லட்சம் மாணவர்கள், 2.21 லட்சம் ஆசிரியர்கள், 32,701 பணியாளர்கள். 2,152 கோடியை அந்தக் குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஏறத்தாழ 4,900 ரூபாய் வரும். ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் 4,900 ரூபாய் குறைந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நன்றாக நடக்கிற குழந்தைக்கு ஒன்றும் குறைந்திருக்காது. நடக்க முடியாத குழந்தைக்கு எல்லாமே குறைந்திருக்கும்.

2024 செப்டம்பர் மாதச் சம்பளம் சமக்ர சிக்‌ஷா பணியாளர்களுக்கு உரிய நாளில் வரவில்லை. அவர்கள் பெரும்பாலும் தொகுப்பூதியக்காரர்கள். பிறகு மாநில அரசு தன் பணத்தைப் போட்டுத் திட்டத்தைத் தொடர்ந்து நடத்தியது. 2025 மார்ச் வரவுசெலவுத் திட்ட உரையிலும் அதைச் சொன்னார்கள். செய்ய வேண்டியதைச் செய்தார்கள், பாராட்டுகிறேன்.

ஆனால் சென்னையையும் நான் விடப்போவதில்லை. பகுதிநேர ஆசிரியர்கள் 2012-இல் பதினாறாயிரத்துக்கும் அதிகமானவர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு வேலைக்குச் சேர்ந்தார்கள். இன்று எஞ்சியிருப்பவர்கள் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் பேர். 2025-இல் சம்பளம் 12,500 ரூபாய். மே மாதம் பள்ளி விடுமுறை என்பதால் சம்பளமும் விடுமுறையாகவே இருந்தது. நிரந்தரம் செய்வோம் என்று 2021 தேர்தலில் வென்றவர்கள் வாக்குறுதி கொடுத்திருந்தார்கள். டெல்லி பணத்தை நிறுத்துவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இந்த மனிதர்கள் கடைமடையில்தான் இருக்கிறார்கள். முப்பது வயதில் வந்தவர் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார். நம் பிள்ளைக்குக் கபடி சொல்லிக் கொடுத்தவர் அந்தி நேரத்தில் வேறு வேலைக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டுகிறார் என்றால் அதற்கு டெல்லியை மட்டும் காரணம் காட்ட முடியாது.

பள்ளி மானியத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கைக்கு நேராக வருகிற பணம் அது. முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். முப்பத்தொன்றிலிருந்து நூறு வரை 25,000. நூற்றொன்றிலிருந்து இருநூற்றைம்பது வரை 50,000. ஆயிரம் வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்கையாவது சுத்தத்துக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. இருபத்தெட்டுப் பிள்ளைகள் படிக்கிற ஒரு தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தத்துக்கான அந்தப் பத்தில் ஒரு பங்கு வருடத்துக்கு 1,000 ரூபாய், மாதத்துக்கு 83 ரூபாய். கழிப்பறை கழுவ பினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம், சோப்பு எல்லாம் அந்த 83 ரூபாய்க்குள். பெரிய பள்ளிக்கு மொத்த மானியம் கூடுதல், ஆனால் பிள்ளைகள் ஆயிரம். ஆயிரம் பேருக்கு 75,000 ரூபாய் என்றால் தலைக்கு 75 ரூபாய். அதில் மின் கட்டணம், சிறு பழுது, எல்லாம். எந்தத் தலைமையாசிரியரைக் கேட்டாலும் சொந்தப் பையிலிருந்து போட்ட கணக்கு ஒன்று வைத்திருப்பார். வெளியில் சொல்ல மாட்டார்.

பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்தபின் பள்ளிக்கு வருவது குறைகிறதே, ஏன் என்று கேட்டு எத்தனையோ கருத்தரங்குகள் நடக்கின்றன. தண்ணீர் வராத கழிப்பறை ஒரு முக்கியக் காரணம். அதைச் சரிசெய்யக் கருத்தரங்குக்கு ஆகும் செலவு போதும்.

இந்தத் தொகைகளையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? இந்த ஊரில் இருக்கும் ஒருவரும் இல்லை. ஒரு காலத்தில் இந்தப் பகுதியின் உயர்நிலைப் பள்ளிகள் ஜில்லா போர்டு கையில் இருந்தன. பெரியவர்கள் இன்னும் போர்டு ஸ்கூல் என்றுதான் சொல்வார்கள். 1958 ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டுகள் இல்லாமல் போயின. தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியத்துக்குப் போயின. 1970-இல் போர்டு உயர்நிலைப் பள்ளிகளை மாநில அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. 1981 ஜூன் முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களும் அரசு ஊழியர்கள் ஆனார்கள். இடையில் 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42-ஆவது திருத்தத்தின் மூலம் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போனது. ஒன்றியத் தலைவரின் வீட்டுத் திண்ணையில் போய்க் கேட்க முடிந்த கேள்வியை இப்போது உச்ச நீதிமன்றத்தில் போய்க் கேட்கிறோம்.

நான் பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. ஒன்றியத் தலைவர்களின் தயவில் ஆசிரியர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதை நேரில் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. மாநிலம் பொறுப்பேற்றதால்தான் ஏழை ஊருக்கும் பணக்கார ஊருக்கும் ஒரே சம்பளத்தில் ஆசிரியர் கிடைத்தார்.

அமெரிக்காவில் இது வேறு மாதிரி. அங்கே பள்ளி மாவட்டம் என்று ஒன்று உண்டு. அந்தப் பகுதி மக்களே கல்விக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பகுதியின் சொத்து வரியில் பெரும்பங்கு அந்தப் பள்ளிகளுக்குப் போகிறது. கேட்க நன்றாக இருக்கும். விளைவைப் பாருங்கள். டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ என்ற நகரம். அங்கே எட்ஜ்வுட் என்பது ஏழை மெக்சிக வம்சாவளி மக்கள் வாழும் பகுதி. ஆலமோ ஹைட்ஸ் என்பது வசதியானவர்கள் பகுதி. 1960-களின் இறுதியில் எட்ஜ்வுட் பள்ளிகள் ஒரு மாணவருக்குச் செலவிட்டது 356 டாலர், ஆலமோ ஹைட்ஸ் 594 டாலர். எட்ஜ்வுட் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. வீடு விலை குறைந்த இடத்தில் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் குறைந்த விலையில்தான். அந்தக் கொடுமை நமக்கு வேண்டாம்.

ஆனால் அவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பள்ளி மாவட்டத்தின் வரவுசெலவுத் திட்டத்தைப் பொதுமக்கள் முன்னால் வைக்கிறார்கள். பணம் குறைகிற ஆண்டில் எதை நிறுத்துவது என்று வெளிப்படையாகப் பேசுகிறார்கள். இசை ஆசிரியரை எடுப்பதா, பள்ளிப் பேருந்தைக் குறைப்பதா, நூலகரை அனுப்புவதா என்று சண்டை நடக்கும், அழுகை நடக்கும். எப்படி இருந்தாலும் எது போகிறது என்று பெற்றோருக்குத் தெரியும். இங்கே நமக்கு எது போனது என்று தெரிவதே இல்லை. ஓவிய வாத்தியார் வருவதில்லை என்பதைப் பிள்ளை ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னால்தான் உண்டு.

இந்தப் பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளிக்கல்வித் துறையின் பள்ளி ஒன்று, கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஒன்று, ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஒன்று, அரசு உதவி பெறும் பள்ளி ஒன்று என ஒரே வட்டாரத்தில் பல துறைகளின் பள்ளிகள் நடக்கின்றன. துறை வேறு, ஒதுக்கீடு வேறு. எல்லாத் துறைப் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டு வருவோம் என்று 2023 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவும் 2024-இல் அதையே பரிந்துரைத்தது. எதிர்ப்பு வந்தது. எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. கள்ளர் பள்ளிகள் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமையிலிருந்து ஒரு சமூகம் மீண்டு வந்த வரலாற்றின் அடையாளம். பெயரையும் உரிமையையும் காக்க வேண்டும் என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். கூடவே ஒன்றையும் கேட்கிறேன்: பக்கத்துத் தெருப் பள்ளியில் இருக்கிற ஆய்வகம் நம் பள்ளியில் இல்லாமல் இருப்பதற்கு அந்தத் துறைப் பிரிவு காரணமாக இருந்தால், பெயரைக் காத்துக்கொண்டே பணத்தைச் சமமாக்க வழி தேட வேண்டாமா?

பணம் இல்லாத காலத்தில் எதைக் குறைப்பது, எதைக் குறைக்கக் கூடாது என்ற கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1953-இல் ராஜாஜி தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொண்டு வந்தார். பத்து ஆண்டுக்குள் எல்லாக் குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்று அரசியல் சட்டம் சொல்லிவிட்டது. அதற்குப் பணம் இல்லை. ஆகவே பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாக்கி, இரண்டு முறைகளாகப் பிரித்து, இருக்கிற ஆசிரியரையும் கட்டடத்தையும் வைத்துக் கூடுதல் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்று கணக்குப் போட்டார். மிச்ச நேரம் பிள்ளை அப்பனின் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வி என்று நாடே எழுந்தது. ராஜாஜி பதவி விலகினார், 1954-இல் காமராஜர் வந்த கையோடு அந்தத் திட்டம் போனது. சாதியைப் பற்றிய விவாதமாகத்தான் அதை நினைவில் வைத்திருக்கிறோம், சரிதான். ஆனால் அது ஒரு சிக்கன நடவடிக்கையும்கூட. சிக்கனத்தின் சுமை யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். செருப்புத் தைப்பவரின் மகன் தலையில் விழுந்தது. வக்கீல் மகன் அரை நாளில் வீட்டுக்குப் போனாலும் அங்கே புத்தகம் இருந்தது.

காமராஜருக்கும் அதே கஜானாதான். பணம் கூடிவிடவில்லை. அவர் 1956-இல் மதிய உணவைக் கொண்டு வந்தார். செலவில் ஒரு பங்கை ஊர்மக்கள் ஏற்க வேண்டும் என்று வைத்தார். கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், நிலம் என்று மக்கள் கொடுத்தார்கள். அதே வறுமையில் ஒருவர் நேரத்தைக் குறைத்தார், மற்றவர் சோற்றைக் கூட்டினார். எந்தப் பிள்ளையை மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறோம் என்பதில்தான் இருவரும் பிரிந்தார்கள்.

தியாகிகளின் ஊர் என்று பெயர் வாங்கிய இந்த ஊரில், காந்திக்குக் கோயில் கட்டியிருக்கிற இந்த ஊரில், இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1937-இல் காங்கிரஸ் மாகாணங்களில் ஆட்சிக்கு வந்தபோது கல்விச் செலவு பெருமளவு சாராய வருமானத்தை நம்பி இருந்தது. மதுவை ஒழித்தால் பள்ளிக்கூடத்தை மூட வேண்டும் என்றார்கள். காந்தி அதை ஏற்கவில்லை. குடிகாரன் காசில் பிள்ளைக்குப் பாடமா என்ற வேதனையிலிருந்துதான் கைத்தொழில் வழியாகப் பள்ளி தன் செலவைத் தானே தேடிக்கொள்ளட்டும் என்ற ஆதாரக் கல்வி யோசனையை வார்தாவில் முன்வைத்தார். அந்த யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளையின் உழைப்பில் பள்ளி நடக்கக் கூடாது. ஆனால் அவருடைய வேதனை உண்மையானது. இதே ராஜாஜி 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்துவிட்டு, இழந்த வருவாய்க்காக 1939-இல் விற்பனை வரியைப் போட்டார். எண்பது வருடங்களுக்கும் மேல் கழித்து நாம் எங்கே நிற்கிறோம்? 2024-25-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி. அந்த ஆண்டு பள்ளிக்கல்விக்கு ஒதுக்கியது 44,042 கோடி. ஒன்றன் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கவே மனம் கூசுகிறது. அப்பன் ஒரு கடையில் கொடுத்துவிட்டு வந்த காசில் ஒரு பகுதி மகனுக்குப் புத்தகமாக வருகிறது. அந்த வீட்டில் நடக்கும் சண்டையில் அந்தப் புத்தகத்தைத் திறக்க முடிவதில்லை.

எதற்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், காலைச் சாப்பாட்டைத்தான் முதலில் சொல்வேன். இந்த வட்டாரத்துத் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன்னால் ஜீப் வந்து நிற்கும். கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற அக்கா, தங்கச்சி, மருமகள் எல்லோரும் தூக்குச்சட்டியோடு ஏறுவார்கள். பிள்ளை அப்போது தூங்கிக்கொண்டிருக்கும். பாட்டி இருந்தால் பழைய சோறு கிடைக்கும், இல்லாவிட்டால் அண்ணன் தம்பியோடு எழுந்து வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகும். முதல் இரண்டு பாடவேளையில் அந்தப் பிள்ளை தலைசுற்றி உட்கார்ந்திருப்பதை மந்தம் என்று எழுதி வைத்த காலம் ஒன்று இருந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்து 20.59 லட்சம் பிள்ளைகளைத் தொட்டது. 2025-26-க்கு ஒதுக்கீடு 600 கோடி. ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு மூவாயிரம் ரூபாய்கூட இல்லை. கல்விக்கென்று செலவாகும் பணத்தில் இதைவிடக் குறைந்த தொகையில் இதைவிடப் பெரிய பலன் தருகிற ஒன்றை எனக்குக் காட்டுங்கள். கணக்குப் புத்தகத்தில் இது பள்ளிக்கல்வித் துறையின் செலவே இல்லை, சமூக நலத் துறையின் செலவு. அந்தத் தாய்க்கு அந்த வேறுபாடு தேவையில்லை.

ஐந்தாம் வகுப்போடு இது நிற்கிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் பசி நின்றுவிடுமா? எட்டாம் வகுப்பு வரைக்கும் நீட்ட வேண்டும் என்று இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு குரல் எழ வேண்டும். ஏலத்தோட்டத்து ஜீப் போகிற ஊர்களைவிட அதைக் கேட்கத் தகுதியுள்ள ஊர் வேறில்லை.

இரண்டாவதாகச் சிறப்புப் பயிற்றுநர்கள். எண்ணிக்கையில் கொஞ்சம் பேர். அவர்கள் ஒரு மாதம் வராவிட்டால் மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஒரு குழந்தைக்கு ஆறு மாதப் பயிற்சி வீணாகும். அதன் பிறகு கழிப்பறையும் தண்ணீரும். கட்டடமும் திறன் வகுப்பறையும் அதற்குப் பின்னால் வரட்டும். இணையம் இல்லாமல் ஒரு வருடம் ஓட்டலாம். இந்த வரிசையில் உங்களுக்கு மாறுபாடு இருக்கலாம். இருக்கட்டும், அந்த வாக்குவாதம் இந்த ஊரில் நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

எங்கே நடத்துவது? காமயகவுண்டன்பட்டி பேரூராட்சி. கிராம சபை கிடையாது. ஆனால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது: உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 22-ஆவது பிரிவு அந்தக் குழுவுக்கு ஒரு வேலை கொடுக்கிறது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது. அரசு தருகிற மானியம் அந்தத் திட்டத்தை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்றே அந்தப் பிரிவு சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்தத் திட்டத்தைப் படித்திருக்கிறோம்? கூட்டம் நடக்கிறது, கையெழுத்து வாங்குகிறார்கள், தீர்மானத்தைச் செயலியில் ஏற்றுகிறார்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகிற உறுப்பினர் பகல் கூட்டத்துக்கு எப்படி வருவார்? மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் வையுங்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கூட்டத்தில் சில விவரங்களைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள்: இந்த ஆண்டு பள்ளி மானியம் எவ்வளவு ஒப்புதல் ஆனது, எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் வந்தது, எதற்குப் போனது. பகுதிநேர ஆசிரியர் இடம் எத்தனை, காலி எத்தனை. நம் பள்ளியில் பெயர் உள்ள மாற்றுத்திறன் குழந்தைகள் எத்தனை பேர், கடந்த மாதம் பயிற்றுநர் எத்தனை முறை வந்தார். தலைமையாசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்; அவர் கையில் ஒன்றுமில்லை என்று முதலில் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்கு ஊருக்குத் தெரிந்தால் அவருக்குத்தான் பலம். கம்பத்திலும் தேனியிலும் இருக்கிற அதிகாரியிடம் அவர் தனியாகப் போய்க் கேட்பதும், ஐம்பது பெற்றோர் கையெழுத்துப் போட்ட தீர்மானத்தோடு போய்க் கேட்பதும் ஒன்றாகாது.

கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகளில் ஒரு காலக்கெடுவும் உண்டு. குழு அமைந்த ஆண்டில், நிதியாண்டு முடிவதற்குக் குறைந்தது மூன்று மாதத்துக்கு முன்னால் மேம்பாட்டுத் திட்டம் தயாராக வேண்டும். அதாவது டிசம்பர் முடிவதற்குள். அடுத்த ஆண்டுக்கான மானியக் கோரிக்கையைச் சென்னையில் எழுதத் தொடங்கும் நேரமும் அதை ஒட்டித்தான் வருகிறது. பள்ளிக்கல்விக்கு 43-ஆம் எண் கோரிக்கை. சட்டமன்றத்தில் ஒரு நாள் விவாதம் நடந்து நிறைவேறிவிடும். அந்த ஒரு நாளில் நம் கம்பம் தொகுதி உறுப்பினர் எழுந்து பேசுவதற்கு அவர் கையில் ஒரு தாளாவது நாம் கொடுத்திருக்க வேண்டும். அந்தத் தாளில் எந்தக் குழந்தையைப் பற்றி முதலில் எழுதுவது என்பதை அடுத்த குழுக் கூட்டத்தில் நீங்கள் உட்கார்ந்து பேசுங்கள். அழைத்தால் நானும் வந்து பின்வரிசையில் உட்காருகிறேன்.